அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணுக்கு மனநல உதவியும் ஓய்வும் பெற்றுத் தருவது எப்படி: துணை நிற்கும் குடும்பத்தாருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்று கறுப்பினத்தைச் சேர்ந்த அண்ணியோ மருமகளோ இருக்கிறார். கறுப்பினத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்து வளர்ந்துவிட்ட மகள்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உறக்கமின்றி, நெஞ்சுப் படபடப்போடு, யாரிடமும் எதையும் சொல்லாமல் நாள்களைத் தள்ளிக்கொண்டிருப்பதை நீங்கள் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால், இக்கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது.

என் அண்ணி ஜார்ஜியா மாநிலத்தில் செவிலியராகப் பணிபுரியும் கறுப்பினப் பெண். இரவுப் பணி, பிள்ளைகள், நோயுற்ற தாய், தேவாலயப் பொறுப்புகள் ஆகிய அனைத்தையும் ஒருசேரத் தாங்கி வந்த அவர் தளர்ந்தபோது, சுற்றியிருந்தோர் எல்லோரும் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஆனால் இந்த நாட்டில் ஓய்வெடுப்பதற்கும் மனநல ஆலோசகரைப் பார்ப்பதற்கும் முன்னால் தொலைபேசி அழைப்புகள், படிவங்கள், காப்பீட்டு விவரங்கள், விடுப்புச் சான்றிதழ்கள் என்று ஒரு முழுநேர வேலை காத்திருக்கிறது. ஏற்கெனவே களைத்திருப்பவரால் அந்த வேலையைச் செய்ய இயலாது. அதை அவருடைய ஒப்புதலோடு நாம் எடுத்துக்கொள்வதுதான் நாம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி என்பது என் உறுதியான கருத்து. அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே பணமும் காலமும் வீணாகும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருப்பதாகத் தெரிந்தால் இந்தப் படிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். தற்கொலை, மனநல நெருக்கடிகளுக்கான தேசிய உதவி எண்ணான 988-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. அதைப் பற்றி ஏழாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

1. முதலில் அவருடைய ஒப்புதலைப் பெறுங்கள்

"நீ எவ்வளவு வலிமையானவள்" என்று சொல்லித் தொடங்காதீர்கள். எதையும் தாங்கும் வலிமையான கறுப்பினப் பெண் என்ற எதிர்பார்ப்பைச் சிறு வயதிலிருந்தே சுமந்து வருபவருக்கு, அந்தப் பாராட்டு "இன்னும் கொஞ்சம் தாங்கு" என்றுதான் கேட்கும். என்ன செய்ய நீங்கள் முன்வருகிறீர்கள் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்தை நான் அழைக்கிறேன், ஆலோசகர்களின் பட்டியலை நான் தயாரிக்கிறேன், சந்திப்பு நேரத்தில் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற அளவில் அது இருக்க வேண்டும். யாரைப் பார்ப்பது, எதைப் பேசுவது, எப்போது நிறுத்துவது ஆகிய முடிவுகள் முழுக்க அவருடையவை.

வாய்மொழி ஒப்புதல் மட்டும் போதாது. மருத்துவத் தகவல்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் காரணமாக, உறுப்பினரின் அனுமதி பதிவாகாத வரையில் காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் அவருடைய விவரங்களைப் பேசாது. நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும் அனுமதிப் படிவத்தை அவர் கையொப்பமிட்டு அனுப்பினால், அது பதிவாகச் சில வேலைநாள்கள் பிடிக்கும். அவசரமானால், தொடக்கத்தில் அவரே சில நிமிடங்கள் இணைப்பில் இருந்து அடையாளத்தை உறுதிசெய்து அனுமதி அளித்துவிட்டு விலகிக்கொள்ளலாம். அன்றைய அழைப்புக்கு அது போதும்.

2. உடல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

மன அழுத்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பதற்குள் இரத்தச் சோகையோ தைராய்டுக் குறைபாடோ ஒளிந்திருக்கலாம். கருப்பை நார்க்கட்டிகள் கறுப்பினப் பெண்களிடம் மிகுதியாகவும் இளம் வயதிலேயும் காணப்படுகின்றன. அவற்றால் மாதவிடாயில் இரத்தம் அதிகமாகப் போய் இரும்புச்சத்து குறைந்தால் களைப்பும் படபடப்பும் மூச்சு வாங்குதலும் வரும். அமெரிக்காவில் வயதுவந்த கறுப்பினப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. ஆகவே முதல் சந்திப்பு அவருடைய வழக்கமான குடும்ப மருத்துவரிடம் இருக்கட்டும்.

ஆண்டு நலப் பரிசோதனைக்குப் பெரும்பாலான காப்பீடுகளில் கட்டணம் கிடையாது. ஆனால் அதே சந்திப்பில் புதிய நோய்க்குறி ஒன்றைப் பற்றிப் பேசினால், மருத்துவமனை அதைத் தனிச் சந்திப்பாகக் கணக்கிட்டுக் கட்டணம் அனுப்பக்கூடும். அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டாம். அந்தக் கட்டணம் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வை அளவிடும் பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விப் படிவத்தையும், பதற்றத்தை அளவிடும் ஜி.ஏ.டி-7 என்ற 7 கேள்விப் படிவத்தையும் மருத்துவமனையில் தருவார்கள். முதலாவதன் உச்ச மதிப்பெண் 27, இரண்டாவதன் உச்ச மதிப்பெண் 21. இரண்டிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் கூடுதலாக விசாரிப்பது வழக்கம். படிவத்தை அவசரமாக நிரப்பும் பழக்கமும், எல்லாவற்றுக்கும் "சில நாள்கள்" என்றே குறிக்கும் பழக்கமும் உண்டு. கடந்த இரண்டு வாரங்களின் உறக்கம், பசி, படபடப்பு ஆகியவற்றை அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் விடைகள் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். பின்னர் விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தத் தாள் பயன்படும்.

கறுப்பினப் பெண்கள் வலியையும் நோய்க்குறியையும் சொல்லும்போது மருத்துவமனைகளில் அவை குறைத்து மதிப்பிடப்படுவது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அவர் விரும்பினால் நீங்களும் அறைக்குள் சென்று குறிப்பெடுங்கள். கேட்ட பரிசோதனையைத் தேவையில்லை என்று மருத்துவர் மறுத்தால், மறுத்ததையும் காரணத்தையும் மருத்துவக் குறிப்பில் எழுதும்படி பணிவாகக் கேட்கலாம். என் அண்ணியின் இரும்புச்சத்துப் பரிசோதனை அப்படிக் கேட்ட பிறகே எழுதிக் கொடுக்கப்பட்டது.

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்க, மேற்கையில் கட்டும் கருவியை வாங்குங்கள்; 50 டாலர் அளவில் நல்லது கிடைக்கும். பட்டையின் அளவு கைக்குச் சிறியதாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால் கையின் சுற்றளவை அளந்துவிட்டு வாங்க வேண்டும். 130/80 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து காட்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலியோ பார்வை மங்கலோ மூச்சுத்திணறலோ இருந்தால் அது அவசர சிகிச்சைக்குரியது.

3. காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

இந்தப் படியில்தான் பெரும்பாலோருடைய பணம் வீணாகிறது. ஆகவே பொறுமையாகப் படியுங்கள். காப்பீட்டு அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் உள்ள உறுப்பினர் சேவை எண்ணை அழையுங்கள். சில திட்டங்களில் மனநலப் பகுதியை மட்டும் வேறொரு நிறுவனம் நடத்துகிறது. அப்படியிருந்தால் முதல் நிறுவனத்தின் மருத்துவர் பட்டியலை வைத்துத் தேடுவது வீண். எனவே முதல் கேள்வியே மனநல சிகிச்சையை யார் நிர்வகிக்கிறார்கள் என்பதாக இருக்கட்டும்.

அடுத்து, நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில்) உள்ள ஆலோசகரை நேரில் பார்த்தால் கோபே (ஒவ்வொரு சந்திப்புக்கும் நாம் தரும் பங்கு) எவ்வளவு, காணொளியில் பார்த்தால் எவ்வளவு, டிடக்டிபிள் தொகை (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாமே செலுத்த வேண்டியது) எவ்வளவு, அதில் இந்த ஆண்டு இதுவரை எவ்வளவு நிறைந்திருக்கிறது, முன் அனுமதி தேவையா என்று கேளுங்கள். நெட்வொர்க்குக்கு வெளியே உள்ளவரைப் பார்த்தால் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தொகையின் சதவீதம் என்றும் கேட்க வேண்டும். ஆலோசகர் 160 டாலர் வாங்குகிறார், நிறுவனம் அங்கீகரிக்கும் தொகை 110 டாலர், திரும்பத் தருவது 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டிடக்டிபிள் நிறைந்த பிறகும் 66 டாலர்தான் திரும்ப வரும். 94 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். இதைத் தெரிந்துகொள்ள, 90791 (முதல் மதிப்பீடு), 90834 (45 நிமிட அமர்வு), 90837 (60 நிமிட அமர்வு) ஆகிய குறியீடுகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் அங்கீகரிக்கப்பட்ட தொகையைக் கேளுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையை அனுப்புவதற்கான காலக்கெடுவையும் எழுதிக்கொள்ளுங்கள். சில திட்டங்களில் அது 90 நாள்கள் மட்டுமே.

ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும் பேசியவரின் பெயர், தேதி, அழைப்புக் குறிப்பு எண் ஆகிய மூன்றையும் பதிவு செய்யுங்கள். பின்னர் நிறுவனம் வேறொரு விடை சொன்னால், குறிப்பு எண் இல்லாத பேச்சுக்கு மதிப்பில்லை.

4. ஆலோசகரைத் தேடுதல்

அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 5 சதவீதம்தான். எனவே, தன் அனுபவத்தை முதலிலிருந்து விளக்க வேண்டியிராத ஒரு கறுப்பினப் பெண் ஆலோசகர் வேண்டும் என்று அவர் விரும்பினால், அந்த விருப்பம் நியாயமானது, ஆனால் காத்திருப்பு நீளும் என்பதை மனத்தில் வைத்துத் தேடலைத் தொடங்குங்கள். அட்லாண்டாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் தொடங்கிய 'தெரபி ஃபார் பிளாக் கேர்ல்ஸ்' என்ற அமைப்பின் பட்டியலில் ஊர் வாரியாக இலவசமாகத் தேடலாம். 'சைக்காலஜி டுடே' இணையப் பட்டியலில் காப்பீடு, கட்டணம், இனப் பின்னணி ஆகியவற்றை வைத்துச் சலிக்க முடியும்.

காப்பீட்டு நிறுவனத்தின் சொந்தப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். ஊர் மாறியவர்கள், ஓய்வு பெற்றவர்கள், புதியவர்களை ஏற்காதவர்கள், அந்தக் காப்பீட்டையே கைவிட்டவர்கள் எல்லாம் அதில் இன்னமும் இருப்பார்கள். ஒருவருக்கு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்து அடுத்தவருக்கு எழுதினால் மாதங்கள் ஓடிவிடும். ஒரே நாளில் எட்டு அல்லது பத்துப் பேருக்கு ஒரே செய்தியை அனுப்புங்கள். காப்பீட்டுத் திட்டத்தின் முழுப் பெயர், எந்த நாள்களில் எந்த நேரம் வர முடியும், ஒரு வரியில் காரணம், புதியவர்களை ஏற்கிறீர்களா என்ற கேள்வி ஆகியவை அதில் இருந்தால் போதும். முழுக் கதையையும் எழுத வேண்டாம்; பாதுகாப்பில்லாத மின்னஞ்சலில் நோய் விவரங்களை எழுதுவதும் நல்லதில்லை.

யாருக்கு எப்போது எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்பதை ஓர் அட்டவணையாக வைத்திருங்கள். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதில்லை. நெட்வொர்க்கில் இருப்பவர் எவரும் நியாயமான காலத்துக்குள் கிடைக்கவில்லை என்று இந்த அட்டவணையைக் காட்டி, வெளியே உள்ள ஆலோசகரை நெட்வொர்க் கட்டணத்திலேயே பார்க்க அனுமதிக்கும் விதிவிலக்கைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரலாம். 'நெட்வொர்க் கேப் எக்ஸெப்ஷன்' என்று சொல்லிக் கேளுங்கள். பலருக்கும் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. நிறுவனத்தினர் தாமாகச் சொல்வதுமில்லை.

பலர் முதலில் 15 நிமிட இலவச உரையாடல் தருகிறார்கள். இதற்கு முன் கறுப்பினப் பெண்களோடு பணியாற்றியிருக்கிறீர்களா, பணியிடத்தில் நடக்கும் இனப்பாகுபாட்டைப் பற்றிப் பேச வந்தால் அதை எப்படிக் கையாளுவீர்கள் என்று அவர் நேரடியாகவே கேட்கலாம். "எனக்கு நிறம் தெரிவதில்லை, மனிதர்கள்தான் தெரிகிறார்கள்" என்பது போன்ற பதில் வந்தால் அடுத்த பெயருக்குச் செல்வது நல்லது. கறுப்பினத்தவர் என்பதாலேயே ஒருவர் பொருந்திவிடுவார் என்பதும் உறுதியில்லை. மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் மாற்றிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

உரிமத்தைச் சரிபார்க்க மாநில உரிம வாரியத்தின் இணையதளம் போதும், கட்டணம் கிடையாது. தம்மை 'வெல்னெஸ் கோச்' (நலவாழ்வுப் பயிற்சியாளர்) என்று மட்டும் அழைத்துக்கொள்பவர்களிடம் கவனம் தேவை. மனநல சிகிச்சைக்கான உரிமம் அவர்களுக்குக் கட்டாயமில்லை, காப்பீடு பணம் தராது, ஆலோசகரைக் கட்டுப்படுத்தும் இரகசியக் காப்பு விதிகளும் அவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. காணொளி அமர்வானால், அமர்வு நடக்கும் நேரத்தில் அவர் இருக்கும் மாநிலத்தில் ஆலோசகருக்கு உரிமம் இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் உள்ள தாயைப் பார்க்கப் போகும் வாரங்களில் இதனால் அமர்வு தடைபடலாம். உளவியலாளர்களுக்கு மட்டும், பல மாநிலங்கள் சேர்ந்துள்ள சைபேக்ட் ஒப்பந்தம் இதில் வழி தருகிறது.

முதல் அமர்வுக்குப் புகைப்பட அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், அவசரத் தொடர்பு எண் ஆகியவை வேண்டும். கையொப்பமிடும் படிவங்களில் சந்திப்பை ரத்து செய்வதற்கான விதியைப் படியுங்கள். 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. அந்தத் தொகையைக் காப்பீடு தராது. இரவுப் பணி செய்பவருக்கு இது பெரிய இடர் என்பதால், பணி அட்டவணை வெளியான பிறகே நேரம் குறியுங்கள்.

5. காப்பீடு இல்லாவிட்டால், அல்லது போதாவிட்டால்

முதலில் பணியிடத்தின் இ.ஏ.பி. எனப்படும் ஊழியர் உதவித் திட்டத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று முதல் எட்டு அமர்வுகள் வரை இலவசமாகக் கிடைக்கும். தனித்தனியாக யார் வந்தார்கள் என்ற விவரம் மேலாளருக்குப் போவதில்லை. இலவச அமர்வுகள் முடிந்த பின் அதே ஆலோசகரிடம் காப்பீட்டின் மூலம் தொடர முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். முடியாது என்றால், பழகிய பிறகு மீண்டும் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும்.

'ஓப்பன் பாத்' என்ற அமைப்பில் 65 டாலர் ஒருமுறைக் கட்டணம் செலுத்திச் சேர்ந்தால், தனிநபர் அமர்வு 40 முதல் 70 டாலருக்குள் கிடைக்கும். பெருநகரங்களில் ஓர் அமர்வு 150 டாலரைத் தாண்டுவது சாதாரணம் என்பதால் இது பெரிய நிவாரணம். 'லவ்லேண்ட் ஃபவுண்டேஷன்' கறுப்பினப் பெண்களுக்கும் சிறுமியருக்கும் சிகிச்சைக்கான நிதியுதவி தருகிறது. விண்ணப்ப வாசல் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை என்பதால் அவர்களுடைய அறிவிப்புக்குப் பதிவு செய்துகொண்டு, திறந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். நடிகை தராஜி பி. ஹென்சன் 2018-இல் தொடங்கிய 'போரிஸ் லாரன்ஸ் ஹென்சன் ஃபவுண்டேஷன்' அமைப்பின் உதவிகளையும் பார்த்து வையுங்கள்.

கூட்டாட்சி நிதி பெறும் சமூக நல மையங்களில் வருமானத்துக்கேற்பக் கட்டணம் குறையும். வறுமைக் கோட்டு வருமானத்தின் 200 சதவீதம் வரை உள்ளவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. சம்பளச் சீட்டுகள், கடந்த ஆண்டின் வரிக் கணக்கு, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அவை இல்லாமல் போனால் முழுக் கட்டணத்தில் பதிவாகிவிடக்கூடும்.

காப்பீடு இல்லாமலோ காப்பீட்டைப் பயன்படுத்தாமலோ பணம் செலுத்துபவருக்கு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, சேவை அளிப்பவர் எழுத்து வடிவில் செலவு மதிப்பீடு தர வேண்டும். இறுதிக் கட்டணம் அந்த மதிப்பீட்டை 400 டாலர் அல்லது அதற்கு மேல் தாண்டினால், கட்டணச் சீட்டு வந்த 120 நாள்களுக்குள் முறையிடலாம். மதிப்பீட்டுத் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

6. வேலையிலிருந்து விடுப்பு

சந்திப்புகளுக்குப் போகவும் சில வாரங்கள் முழுமையாக ஓய்வெடுக்கவும் எஃப்.எம்.எல்.ஏ. எனப்படும் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. அந்த நிறுவனத்தில் 12 மாதங்கள் பணியாற்றியிருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் 1,250 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். பணியிடத்தைச் சுற்றி 75 மைல் தொலைவுக்குள் அந்த நிறுவனத்துக்கு 50 ஊழியர்களாவது இருக்க வேண்டும். தகுதி இருந்தால் 12 மாதங்களில் 12 வாரங்கள் வரை வேலை பறிபோகாமல் விடுப்பெடுக்கலாம். ஒரேயடியாக எடுக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு பிற்பகல் என்று துண்டு துண்டாகவும் எடுக்கலாம். சிகிச்சைக்குச் செல்பவருக்கு இதுவே பெரும்பாலும் ஏற்றது.

விண்ணப்பம் மனிதவளத் துறைக்குப் போக வேண்டும். கேட்ட 5 வேலைநாள்களுக்குள் தகுதி உண்டா இல்லையா என்று நிறுவனம் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழைத் திருப்பித் தர உங்களுக்குக் குறைந்தது 15 நாள்கள் கிடைக்கும். இந்த 15 நாள்களில் வார இறுதிகளும் அடங்கும். மருத்துவமனைகள் படிவம் நிரப்ப ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதும் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு என்பதால், படிவம் கையில் கிடைத்த அன்றே மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். தன் நோய்க்கான படிவம் டபிள்யூ.எச்-380-இ, தாயைப் பராமரிப்பதற்கானது டபிள்யூ.எச்-380-எஃப். இரண்டையும் மாற்றிக் கொடுத்து விண்ணப்பம் திரும்புவது அடிக்கடி நடக்கிறது.

சான்றிதழில் யார் கையொப்பமிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மருத்துவச் சமூகப் பணியாளர் ஆகியோரைச் சட்ட விதிகள் பெயர் சொல்லி ஏற்கின்றன. எல்.பி.சி. எனப்படும் தொழில்முறை ஆலோசகர் உரிமம் மட்டும் பெற்றவர் அப்படிப் பெயர் குறிக்கப்பட்டவர் இல்லை. நிறுவனத்தின் காப்பீட்டுத் திட்டம் அவருடைய சான்றை ஏற்பதாக இருந்தால் மட்டுமே செல்லும். இரண்டாம் படியில் குடும்ப மருத்துவரைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மாதத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம் விடுப்பு தேவைப்படும் என்ற கட்டத்தை மருத்துவர் "தேவைக்கேற்ப" என்று நிரப்பினால் படிவம் திரும்பி வரும். எண்களாக எழுதச் சொல்லுங்கள். குறை இருந்தால் நிறுவனம் அதை எழுத்தில் சுட்டிக்காட்டி, திருத்த 7 நாள்கள் தர வேண்டும். அவருடைய நேரடி மேலாளர் மருத்துவரைத் தொடர்புகொள்ளக் கூடாது. நோயின் பெயரை மேலாளரிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்த விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. நிறுவனத்தில் குறுகிய கால இயலாமைக் காப்பீடு இருந்தால் சம்பளத்தில் ஒரு பகுதி வரும். ஆனால் காத்திருப்பு நாள்கள் உண்டு. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, வாஷிங்டன், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் அரசுத் திட்டமே பகுதிச் சம்பளம் தருகிறது. விடுப்பில் இருக்கும் காலத்திலும் மருத்துவக் காப்பீட்டுக்கான ஊழியரின் பங்கைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளத்திலிருந்து தானாகப் பிடிபடாது என்பதால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாரோ மாமியாரோ அவருக்காக இந்தச் சட்டத்தின் கீழ் விடுப்பெடுக்க முடியாது, கணவர் எடுக்கலாம். உங்கள் அண்ணனிடமோ மகனிடமோ இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

7. நெருக்கடி நேரத்துக்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள்

மனநல நெருக்கடியில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் காவல்துறை வரக்கூடும் என்பது கறுப்பினக் குடும்பங்களில் ஆழமான அச்சம். அந்த அச்சத்துக்குக் காரணங்கள் உள்ளன. எனவே அவர் நலமாக இருக்கும் நாளிலேயே, நெருக்கடி வந்தால் யாரை முதலில் அழைக்க வேண்டும், யாரை அழைக்கக் கூடாது, எந்த மருத்துவமனை என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 988-க்கு வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பான்மையானவை பேச்சிலேயே தணிந்து முடிகின்றன. ஜார்ஜியாவில் 1-800-715-4225 என்ற மாநில நெருக்கடி உதவி எண் மூலம் நடமாடும் மனநலக் குழுவை வீட்டுக்கே வரவழைக்கக் கேட்கலாம். 911-ஐ அழைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், இது மருத்துவ நெருக்கடி என்றும், வீட்டில் ஆயுதம் இல்லை என்றால் அதையும், மனநலப் பயிற்சி பெற்ற அலுவலர் வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லுங்கள்.

அவர் கருவுற்றிருந்தாலோ, பிள்ளை பெற்று ஓராண்டுக்குள் இருந்தாலோ, தாய்மார்களுக்கான தேசிய மனநல உதவி எண் 1-833-852-6262. இதுவும் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. அமெரிக்காவில் மகப்பேறு தொடர்பான மரணம் கறுப்பினப் பெண்களிடம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், கடும் தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம் ஆகியவற்றைப் பிரசவக் களைப்பு என்று சொல்லி அடக்கிவிடாதீர்கள். பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கும் இதை முன்பே விளக்கிவிடுங்கள்.

8. வாரத்துக்குள் ஓய்வுக்கு இடம் உண்டாக்குதல்

எப்படி ஓய்வெடுப்பது என்று நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எது தனக்கு இதம் தரும் என்பது அவருக்குத் தெரியும். குறைவாக இருப்பது நேரம். கறுப்பினப் பெண்களுக்கான 'கேர்ல்ட்ரெக்' என்ற அமைப்பு நாளுக்கு 30 நிமிட நடையை வலியுறுத்துகிறது, சேரக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த 30 நிமிடங்கள் கிடைக்க யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூந்தலைக் கழுவி, சிக்கெடுத்து, உலர்த்திப் பின்னும் நாள் பல மணி நேரம் எடுக்கும். சலூனில் பின்னிக்கொள்ள நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். உடற்பயிற்சியில் வியர்த்தால் அந்த வேலை முழுவதும் வீணாகும் என்று அவர் தயங்கினால், அதைச் சாக்கு என்று எண்ணாதீர்கள். அந்த நாளில் சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால், அந்தச் சில மணி நேரம் அவருக்கே உரியதாகிவிடும்.

செலவைப் பொறுத்தவரை, சிகிச்சைக் கோபேயும் இரத்த அழுத்தக் கருவியும் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. எனப்படும் மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்குகளிலிருந்து வரிச் சலுகையோடு செலுத்தக்கூடியவை. மசாஜுக்கு அப்படிச் செலுத்த மருத்துவரின் தேவைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் செலவுக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நம் வீடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிறத்தைப் பற்றி நம் உறவினர்கள் பேசும் பேச்சு, குழந்தை யார் நிறத்தில் பிறக்கும் என்ற ஆரூடம், கூந்தலைத் தொட்டுப் பார்க்கும் உரிமை, விருந்தினர் வந்தால் மருமகள் நின்றுகொண்டே பரிமாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவை அவருடைய சுமையில் நாம் ஏற்றி வைக்கும் பங்கு. ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் செலவழித்து அவர் இறக்கி வைப்பதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவில் நாம் திரும்ப ஏற்றிவிடலாம். அப்படிப் பேசுபவரைத் தமிழிலேயே, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அந்த வேலையை அந்தப் பெண்ணின் தலையிலேயே விட்டுவிடாதீர்கள்.

9. ஜனவரி மாதக் கவனம்

பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களில் டிடக்டிபிள் கணக்கு ஜனவரி 1 அன்று மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டிசம்பர் வரை 30 டாலராக இருந்த அமர்வு திடீரென 120 டாலராவது இதனால்தான்; முன்கூட்டியே பணம் ஒதுக்கி வையுங்கள். நிறுவனம் காப்பீட்டை மாற்றுகிறது என்றால், திட்டத் தேர்வுக் காலத்திலேயே புதிய திட்டத்தை ஆலோசகர் ஏற்கிறாரா என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள். புதிய அட்டை வந்தவுடன் அதன் இரு பக்கப் படங்களையும் ஜனவரியின் முதல் அமர்வுக்கு முன் ஆலோசகரின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் பழைய காப்பீட்டுக்குக் கோரிக்கை போய், மறுக்கப்பட்டு, முழுத் தொகையும் அவர் பெயரில் வந்து நிற்கும். துண்டு விடுப்பு எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் அடுத்த சந்திப்பைக் குறித்துவிடுங்கள்.